அன்செலொட்டிக்கு எல்லாமே அதிர்ஷ்டமா? பார்மா காலத்திலிருந்து பேசலாம் (விவாத இழை)

#1 நடுக்களத்தான்

கார்லோ அன்செலொட்டி பிரேசில் தேசிய அணிக்குக் கோச்சாகப் போனதிலிருந்து பழைய சண்டை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஒரு பக்கம், "புருவத்தைத் தூக்குவார், கோப்பையையும் தூக்குவார்" கோஷ்டி. இன்னொரு பக்கம், "அந்த மாதிரி ஆட்டக்காரர்கள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" கோஷ்டி. இரண்டு பேருமே அந்த மனிதர் அப்படி என்னதான் வேலை செய்கிறார் என்பதைப் பேசுவதே இல்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்களுக்கு ஏற்றபடி அணியை வளைக்கிற அன்செலொட்டியைத்தான் நமக்குத் தெரியும். கோச்சாக ஆரம்பித்தபோது அவர் இதற்கு நேர் எதிர். மிலான் க்ளப்பில் கோச் அரிகோ சாக்கியிடம் ஆடி, 1994 உலகக்கோப்பையில் இத்தாலி அணியில் அதே சாக்கிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். 4-4-2 (பின்வரிசையில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர்) என்றால் 4-4-2தான், அதில் இடம் இல்லாதவனுக்கு அணியிலும் இடம் இல்லை.

1995-96இல் ரெஜ்ஜானாவை இரண்டாம் பிரிவிலிருந்து செரி ஆவுக்கு, அதாவது இத்தாலியின் முதல் பிரிவுக்கு ஏற்றினார். அடுத்த வருடமே பார்மா கூப்பிட்டது. அங்கே ஜான்ஃப்ராங்கோ ஜோலா இருந்தார். இரண்டு ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு கிரெஸ்போவும் கியேசாவும் என்று முடிவாகிவிட்டதால் ஜோலாவை நடுக்களத்தின் இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1996 நவம்பரில் ஜோலா செல்சீக்குப் போய்விட்டார். அங்கே அவர் எவ்வளவு பெரிய ஆளானார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கோடையில் ராபர்ட்டோ பாஜ்ஜோ பார்மாவுக்கு வருவதாக இருந்தது, ஏறக்குறைய முடிந்த பேச்சு. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் சுதந்திரமாக ஆட வேண்டும் என்று பாஜ்ஜோ கேட்டார். அப்படி ஓர் இடமே என் அணியில் கிடையாது என்றார் அன்செலொட்டி. பாஜ்ஜோ பொலோனாவுக்குப் போய் அந்த ஒரே சீசனில் லீக்கில் 22 கோல் அடித்தார்.

இதில் வேடிக்கை, ஜோலாவை ஓரம் கட்டிய அந்த 1996-97 சீசனில் பார்மா இரண்டாம் இடம். சாம்பியன் யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால். புஃபான், துராம், கன்னவாரோ என்று பின்வரிசை பாறை மாதிரி நின்றது. பிடிவாதத்துக்கு இப்படிப் பலன் கிடைத்தால் எந்த கோச் மாறுவான்? ஆனால் இவர் மாறினார். பாஜ்ஜோ விஷயத்தில் தான் செய்தது தப்பு என்று பிற்பாடு பல முறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எப்படி மாறினார் என்பதைத்தான் இந்த இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

#2 ரொசொனேரி_பக்தன்

நல்ல இழை அண்ணே. ஆனால் பார்மா கோச்சிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். அவர் ஆடிய காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959இல் ரெஜ்ஜோலோ என்கிற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1976இல் பார்மாவின் பெரிய அணிக்கு வந்தார், அப்போது அது மூன்றாம் பிரிவு. 1979இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃபில் ட்ரியஸ்டினாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அப்போது பார்மாவின் கோச் சேசரே மால்டினி. அவருடைய மகன் பாவ்லோ பிற்பாடு மிலானில் இவருடைய சக ஆட்டக்காரர், அதற்கும் பிற்பாடு இவருடைய கேப்டன்.

அதே வருடம் ரோமாவுக்குப் போனார். ஸ்வீடன்காரர் நில்ஸ் லீட்ஹோம் கோச். இத்தாலி முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மார்க் செய்துகொண்டிருந்தபோது இடத்தைக் காக்கிற முறையை ரோமாவில் ஆடவைத்தவர். சத்தமே போடமாட்டார் என்று பெயரெடுத்தவர். இந்த ஒற்றுமையைக் கவனியுங்கள். சாக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் டிரெஸ்ஸிங் ரூமில் அன்செலொட்டி நடந்துகொள்கிற விதம் லீட்ஹோமிடம் வாங்கியது என்பது என் எண்ணம்.

1982-83இல் ரோமா லீக் சாம்பியன். ஃபால்காவ், டி பார்த்தொலொமெய், ப்ரூனோ கோன்டி இருந்த அணி. அப்புறம்தான் முழங்கால் கதை. 1981இல் ஒரு முழங்கால் போனது, அதனால் இத்தாலி ஜெயித்த 1982 உலகக்கோப்பையில் அவர் இல்லை. 1983 டிசம்பரில் அடுத்த முழங்கால். அதனால் 1984இல் ரோமா தன் சொந்த மைதானத்திலேயே ஆடிய ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஃபைனலிலும் இல்லை. அன்றைக்கு லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றார்கள். தன் காலத்தின் மிகப் பெரிய இரண்டு மேடைகளை வெளியிலிருந்து பார்த்த ஆட்டக்காரர் இவர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் இவர் பேசுகிற பேச்சில் இந்த அனுபவம் இருக்கத்தான் செய்யும்.

1987இல் சாக்கி இவரை மிலானுக்குக் கேட்டபோது வயது 28, இரண்டு முழங்காலும் அறுவை கண்டவை. க்ளப் உரிமையாளர் பெர்லுஸ்கோனிக்குத் தயக்கம். சாக்கி விடவில்லை. வந்த புதிதில் இவர் திணறியதும் உண்மை. தினமும் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச்சொல்லி, இளையோர் அணிப் பையன்களைச் சுற்றி நிறுத்திவைத்து, யார் எங்கே நகர்ந்தால் இவர் எங்கே நகர வேண்டும் என்று சாக்கி தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள், ரோமாவுக்குக் கேப்டனாக இருந்தவர், இத்தாலிக்கு ஆடியவர், பையன்களோடு நின்று அரிச்சுவடி படிக்கிறார்.

பலன் 1989 ஏப்ரல் 19 அன்று தெரிந்தது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, சான் சீரோவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 5-0. முதல் கோல் இவருடையது, தூரத்திலிருந்து வைத்த அடி. அதன் பிறகு ரைகார்ட், குல்லிட், வான் பாஸ்டன், டொனடோனி என்று வரிசையாக விழுந்தது. 1989, 1990 இரண்டு ஃபைனலிலும் ஆடி ஜெயித்தார்.

#3 கணக்குப்பிள்ளை

கதை நன்றாக இருக்கிறது. கணக்குக்கு வருவோமா?

மிலானில் 2001 நவம்பரிலிருந்து 2009 வரை. கையில் மால்டினி, நெஸ்டா, காஃபூ, பிர்லோ, செடார்ஃப், காக்கா, ஷெவ்சென்கோ. லீக் பட்டம் எத்தனை? ஒன்று, 2003-04. யுவென்டஸில் இரண்டு முழு சீசன், இரண்டும் இரண்டாம் இடம். ரியல் மாட்ரிட்டில் முதல் தடவை இரண்டு வருடம் இருந்தார், லீக் பூஜ்யம்.

ஸ்பெயினின் டிபோர்டிவோ லா கோருன்யாவை மறந்துவிட்டீர்களா? 2004 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் சான் சீரோவில் 4-1 ஜெயித்துவிட்டு அங்கே போய் 4-0 தோற்றார்கள். அடுத்த வருடம் இஸ்தான்புல்லில் லிவர்பூலோடு ஃபைனல்: பாதி ஆட்டத்தில் 3-0, ஆறு நிமிடத்தில் 3-3, கடைசியில் பெனால்டியில் தோல்வி. ஒரு தடவை என்றால் விபத்து. இரண்டு தடவை என்றால், ஆட்டம் கைமீறும்போது இவரிடம் பதில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

#4 வெண்சட்டை

ஐந்து சாம்பியன்ஸ் லீக் ப்ரோ. கோச்சாக ஐந்து. வேறு யாரிடமும் கிடையாது. இந்தக் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

#5 கணக்குப்பிள்ளை

எழுதிக்கொண்டேன். மிலானில் இரண்டு, மாட்ரிட்டில் மூன்று. இரண்டுமே அவர் வருவதற்கு முன்பே ஐரோப்பியக் கோப்பையைத் தங்கள் சொத்தாக நினைத்த க்ளப்கள்தானே.

#6 பழைய_ஜூவே

யுவென்டஸ் காலத்தைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும், அந்த இரண்டு வருடமும் முழுக்கப் பார்த்தவன்.

1999 பிப்ரவரியில் கோச் லிப்பியின் இடத்துக்கு வந்தார். ரசிகர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ரோமா, மிலான் இரண்டுக்கும் ஆடியவர் அல்லவா? 1999-2000இல் எட்டு ஆட்டம் மிச்சமிருக்க லாட்சியோவை விட ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி நாள் பெரூஜாவில் ஆட்டம். பாதியில் கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட்டது. நடுவர் கொலீனா ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, பந்து உருளுகிறதா என்று சோதித்துச் சோதித்து, ஆட்டத்தை மறுபடி தொடங்கவைத்தார். கலோரி ஒரு கோல் போட்டார், 1-0. லாட்சியோ 72, நாங்கள் 71. அடுத்த வருடம் ரோமா 75, நாங்கள் 73. அதோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். ஒன்பது புள்ளி கரைந்ததற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அதற்கு முன்பே தோல்விகள் விழுந்துவிட்டன. ஆனால் நடுக்களத்தான் கேட்ட கேள்விக்கான விடையும் அதே அணியில்தான் இருக்கிறது: ஜிடேன்.

ஜிடேனை இடது ஓரத்தில் நிறுத்த முடியாது. பெஞ்சிலும் உட்காரவைக்க முடியாது. அதனால் முதல் தடவையாக அன்செலொட்டி தன் அமைப்பை ஓர் ஆளுக்காகக் கலைத்தார். முன்னால் டெல் பியரோவும் இன்சாகியும், அவர்களுக்குப் பின்னால் ஜிடேன் தன் இஷ்டப்படி. அவருக்கு முதுகுகாக்க டாவிட்ஸ் போன்ற ஓட்டக்காரர்கள். பாஜ்ஜோ கேட்டு மறுத்த அதே இடம்தான் இது.

#7 நடுக்களத்தான்

இதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி பழைய_ஜூவே. இன்னொன்றும் உண்டு. 1994 உலகக்கோப்பையில் நார்வேக்கு எதிராக கோல்கீப்பர் பாலியூகா சிவப்பு அட்டை வாங்கியபோது சாக்கி யாரை வெளியே எடுத்தார்? பாஜ்ஜோவை. அந்த பெஞ்சில் உதவியாளராக உட்கார்ந்திருந்தவர் அன்செலொட்டி. அன்றைக்கு ஆட்டத்தை இத்தாலி 1-0 ஜெயித்தும் விட்டது. அமைப்புக்காக மேதையை வெளியே எடுக்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்தான் பார்மாவில் பிடிவாதம் பிடித்தார். அந்த வயதில் நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

#8 தேநீர்_இடைவேளை

சாக்கி தொழில்முறையில் ஆடியதே இல்லை. அப்பாவின் செருப்பு வியாபாரத்தில் இருந்தவர். ஆடாத ஆள் அமைப்பை நம்புவார், ஆடிய ஆள் ஆட்டக்காரனை நம்புவார். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய இழை? :)

#9 ரொசொனேரி_பக்தன்

அவ்வளவு சுலபமாக இருந்தால் கபெல்லோவை எங்கே வைப்பீர்கள் தேநீர்? அவரும் இத்தாலிக்கு ஆடியவர்தான், சாக்கி அளவுக்கே கறார். 1991-92இல் ஒரு லீக் ஆட்டம் கூடத் தோற்காமல் மிலானைச் சாம்பியன் ஆக்கினார். அந்த சீசனில் அன்செலொட்டியின் இடத்தை இளைஞன் ஆல்பர்டினிக்குக் கொடுத்தார். அதோடு இவர் ஓய்வு பெற்றார். ஆட்டக்காரனாக இருந்ததனால் மட்டும் யாரும் இளகிவிடுவதில்லை.

இப்போது பிர்லோ. இது என் செல்ல விஷயம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பிர்லோ இளவயதில் பத்தாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுகிற ஆட்டக்காரர். இன்டர் மிலானில் இடம் கிடைக்காமல் 2001இல் பாதி சீசனுக்கு பிரெஷாவுக்குக் கடனாகப் போனார். அங்கே பத்தாம் நம்பர் இடத்தில் யார் இருந்தது? பாஜ்ஜோ! அதனால் கோச் மாட்சோனே பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கி ஆடவைத்தார். அப்புறம் மிலானுக்கு வந்தார். அங்கேயும் ருயி கோஸ்டா, பிற்பாடு ரிவால்டோ. நான் கீழே ஆடுகிறேன் என்று பிர்லோவே அன்செலொட்டியிடம் கேட்டார். பார்மா அன்செலொட்டியாக இருந்தால் அந்த இடத்தில் பந்தைப் பறிக்கிறவன்தான் ஆட வேண்டும், நீ ஒல்லிப்பையன், போ என்றிருப்பார். இவர் சம்மதித்தார். வலது பக்கம் கட்டூசோ, இடது பக்கம் செடார்ஃப், நடுவில் பிர்லோ. 2003இல் ஓல்டு டிராஃபர்டில் யுவென்டஸை பெனால்டியில் வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக். தன்னைத் துரத்திய க்ளப்பையே வீழ்த்தியது தனி ருசி.

2007இல் ஏதென்ஸில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை ஜெயித்த அணி வேறு மாதிரி. ஒரே ஸ்ட்ரைக்கர் இன்சாகி, அவருக்குப் பின்னால் காக்காவும் செடார்ஃபும், அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருப்பதால் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். அந்த சீசனை மிலான் எட்டுப் புள்ளி அபராதத்தோடு தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் தகுதிச்சுற்றே ஆட வேண்டியிருந்தது. லீக் பட்டம் எத்தனை என்று கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாமே.

#10 கணக்குப்பிள்ளை

எட்டுப் புள்ளி ஒரு வருடத்துக்கு. மிச்ச வருடங்களுக்கு?

#11 வெண்சட்டை

நான் ஒரே ஓர் இரவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், 2022 மே 4, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் (லெக்), மாட்ரிட்டின் பெர்னபேயூ மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி. முதல் லெக் 4-3 சிட்டிக்கு. இங்கே 73ஆம் நிமிடம் மஹ்ரெஸ் அடித்துவிட்டார். மொத்தத்தில் 5-3. இன்னும் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் பாக்கி.

இந்த இடத்தில் மாற்றங்களைப் பாருங்கள். குரூஸ் ஏற்கெனவே 68ஆம் நிமிடத்தில் வெளியே, ரோட்ரிகோ உள்ளே. 75ஆம் நிமிடத்தில் மோட்ரிச்சும் காசெமிரோவும் ஒன்றாக வெளியே. உள்ளே 19 வயது கமவிங்காவும் அசென்சியோவும். அதாவது மூன்று சாம்பியன்ஸ் லீக்கை வரிசையாக ஜெயித்த நடுக்களம் மொத்தமாக பெஞ்சில்! அன்றைக்குத் தோற்றிருந்தால் மறுநாள் பத்திரிகைகள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும்.

90ஆம் நிமிடம் கமவிங்கா தூக்கிப்போட்ட பந்து இடது ஓரத்திலிருந்து பாய்ந்த பென்சிமாவின் காலுக்கு வந்தது, அவர் குறுக்கே தள்ள, ரோட்ரிகோ கோல். அடுத்த நிமிடமே ரோட்ரிகோ தலையால் இன்னொன்று. கூடுதல் நேரத்தில் பென்சிமா பெனால்டி. முடிந்தது கதை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த மூன்று பேரையும் ஒரே ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டும் டிரெஸ்ஸிங் ரூம் உடையாமல் இருக்கிறது பாருங்கள், அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் கிடையாது. வேறொரு கோச் இதைச் செய்தால் தண்ணீர் பாட்டில் பறக்கும்.

2014 லிஸ்பன் ஃபைனலிலும் இதே. அட்லெடிகோ ஒரு கோல் முன்னால் இருக்க, 59ஆம் நிமிடத்தில் மார்செலோவையும் இஸ்கோவையும் சேர்த்து இறக்கினார். 93ஆம் நிமிடம் ராமோஸ் தலையால் அடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த இரண்டு மாற்றத்துக்குப் பிறகு ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. மார்செலோ கூடுதல் நேரத்தில் கோலும் அடித்தார்.

#12 மட்டுறுத்துனர்

நண்பர்களே, பார்சிலோனா ரசிகர்களைச் சீண்டிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

#13 ஞாயிறு_ஆட்டக்காரி

எல்லோரும் ஜெயித்த இடங்களையே சுற்றி வருகிறீர்கள். எனக்கு அவர் தோற்ற இடங்கள்தான் சுவாரசியம்.

பாயெர்ன் மியூனிக். 2016-17இல் லீக் ஜெயித்தார், அதெல்லாம் சரி. ஆனால் பெப் குவார்டியோலாவின் மூன்று வருடப் பயிற்சிக்குப் பழகியவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்களிடம் போய், உங்களுக்கே தெரியும் என்றால் எப்படி இருக்கும்? பயிற்சி போதவில்லை என்று அவர்கள் முணுமுணுத்ததாக ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. 2017 செப்டம்பரில் பாரிஸில் ஆட்டம். ரிபேரி, ராபன், ஹம்மல்ஸ், போவாடெங் யாரும் தொடக்க அணியில் இல்லை. 3-0 தோல்வி. மறுநாளே வேலை போனது.

நாபொலி இன்னும் வேடிக்கை. 2019 நவம்பரில் முடிவுகள் சரியில்லை என்று தலைவர் டி லாரென்டிஸ் மொத்த அணியையும் வீட்டுக்கு அனுப்பாமல் முகாமில் அடைத்துவைக்க உத்தரவிட்டார். அந்த முடிவில் தனக்கு உடன்பாடு இல்லை என்று அன்செலொட்டி வெளிப்படையாகவே சொன்னார். சால்ஸ்பர்க் ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் முகாமுக்குத் திரும்பாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கலகம்தான். டிசம்பரில் கெங்க் அணியை 4-0 ஜெயித்து நாக்-அவுட்டுக்குப் போன இரவிலேயே இவரை வெளியேற்றினார்கள். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவே மெத்தையாக இருப்பதுதான் இவருடைய முறை. மேலே இருப்பவர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் இவரிடம் வேறு ஆயுதம் இல்லை.

எவர்டனில் 2020-21இல் முதல் நான்கு லீக் ஆட்டமும் ஜெயித்துவிட்டுப் பத்தாம் இடத்தில் முடித்தார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1999க்குப் பிறகு முதல் வெற்றி என்கிற ஒன்றைத்தான் அங்கே நினைவு வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆட்டக்காரனை உயர்த்துகிற கோச் இவர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

#14 கணக்குப்பிள்ளை

> சாதாரண ஆட்டக்காரனை உயர்த்துகிற கோச் இவர் இல்லை

இத்தனை பதிவாக நான் சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள் அக்கா.

#15 பழைய_ஜூவே

ஆனால் ரெஜ்ஜானாவை ஏற்றியதும் இவர்தானே? அங்கே என்ன ஜிடேனா இருந்தார்?

#16 ஞாயிறு_ஆட்டக்காரி

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அமைப்பு வெறியர் அன்செலொட்டி அவர். அந்த ஆளை எவர்டனுக்கு அனுப்பியிருந்தால் ஒருவேளை ஆறாம் இடம் வந்திருப்பாரோ என்னவோ. இதை நடுக்களத்தான் யோசித்தாரா? மாறியதில் லாபம் மட்டும்தானா?

#17 நடுக்களத்தான்

நல்ல கேள்வி, அதனால்தான் இரண்டு நாள் பதில் போடவில்லை. பழைய அமைப்பை அவர் தூக்கி எறிந்துவிட்டார் என்கிற மாதிரிதான் நாம் எல்லோரும் பேசுகிறோம். 2023-24 மாட்ரிட்டைக் கூர்ந்து பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பென்சிமா போய்விட்டார். பெரிய ஸ்ட்ரைக்கர் யாரும் வரவில்லை, ஹோசேலு மட்டும். கூர்த்துவா, மிலிட்டாவோ, அலாபா மூவருக்கும் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் வெளியே. இந்த நிலைமையில் பெல்லிங்ஹாமை வினிசியஸ், ரோட்ரிகோ இருவருக்கும் பின்னால் சுதந்திரமாக விட்டார். வந்த புதிதில் ஆட்டத்துக்கு ஆட்டம் கோல். ஜிடேனுக்குக் கொடுத்த அதே இடம்.

ஆனால் பந்து எதிரணியிடம் போனதும் பெல்லிங்ஹாம் எங்கே ஓடினார்? இடது ஓரத்துக்கு. வால்வெர்டே வலது ஓரத்துக்கு. நடுவில் இருவர், முன்னால் இருவர். அப்படியே சாக்கியின் 4-4-2! வினிசியஸும் ரோட்ரிகோவும் பின்னால் ஓடிவர வேண்டியதில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பாய்ச்சலுக்குக் காத்திருக்கலாம். அவர்களுக்காக மற்ற எட்டுப் பேர் ஓடினார்கள்.

1996இல் ஜோலாவுக்குக் கொடுத்ததும் அதே இடது ஓரம்தான். ஜோலாவை அங்கேயே குடியிருக்கச் சொன்னார். பெல்லிங்ஹாமை, பந்து இல்லாதபோது மட்டும் அங்கே போய்வரச் சொன்னார். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க அவருக்கு இத்தனை வருடமும் ஒரு ஜிடேனும் ஒரு பிர்லோவும் தேவைப்பட்டிருக்கிறார்கள். அந்த சீசனில் 95 புள்ளியோடு லீக், ஒரே ஒரு லீக் தோல்வி. வெம்ப்லியில் டார்ட்மண்டை 2-0 ஜெயித்து சாம்பியன்ஸ் லீக். கணக்குப்பிள்ளை அண்ணே, லீக் ஜெயிக்கமாட்டார் என்கிற வாதத்தில் 2022ஐயும் 2024ஐயும் நைசாக விட்டுவிட்டீர்கள். ஐந்து பெரிய லீக்கிலும் பட்டம் வாங்கிய ஒரே கோச் என்பதையும் சேர்த்துத்தான்.

#18 கணக்குப்பிள்ளை

விடவில்லை தம்பி, நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள் என்று வைத்திருந்தேன்.

பெல்லிங்ஹாம் ஒப்பீடு சரியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 2024-25க்கும் பதில் சொல்லுங்கள். எம்பாப்பே வந்தார், குரூஸ் ஓய்வு பெற்றார். உங்கள் 4-4-2இல் ஓடாத ஆட்கள் இரண்டாக இருந்தது மூன்றாக ஆனது. பார்சிலோனாவிடம் நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி, மொத்தம் 16 கோல் வாங்கினார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்செனலிடம் லண்டனில் 3-0, மாட்ரிட்டில் 2-1 தோல்வி. அன்று ஒரு பெரிய பெயரை வெளியே உட்காரவைத்திருந்தால் அணி சமநிலைக்கு வந்திருக்கும். பார்மா அன்செலொட்டி அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். இவரால் முடியவில்லை. பாஜ்ஜோவை மறுத்ததற்காக வருந்தி வருந்தி, யாரையுமே மறுக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டார் என்பேன்.

#19 வெண்சட்டை

எம்பாப்பேவை பெஞ்சில் வைக்க க்ளப் தலைவர் விடுவாரா? நடக்கிற கதையைப் பேசுங்கள். கர்வஹால் வேறு அக்டோபரிலேயே முழங்கால் போய் லீக் முடியும்வரை இல்லை, மிலிட்டாவோ மறுபடியும் காயம். வால்வெர்டேவை வலது பின்வரிசையில் நிறுத்தி ஓட்டினார். ஆள் இல்லாமல் தோற்றதை முழுக்க அவர் தலையில் கட்டாதீர்கள்.

#20 ரொசொனேரி_பக்தன்

வெண்சட்டை, காயம் போன வருடமும் இருந்ததே. என் பார்வையில் குரூஸ்தான் விஷயம். பிர்லோவோ, குரூஸோ, பந்தை அமைதியாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிற ஓர் ஆள் இல்லாமல் அன்செலொட்டி அணி பெரிய கோப்பை ஜெயித்து நான் பார்த்ததில்லை. பாரிஸ் க்ளப்பான பி.எஸ்.ஜி.யிலும் முதல் சீசனில் மான்பெல்லியேவிடம் லீக்கை விட்டார், வெராட்டி வந்த அடுத்த வருடம் ஜெயித்தார்.

#21 தேநீர்_இடைவேளை

செல்சீயில் யார் அப்படி இருந்தார்கள்? 2009-10இல் 103 கோல் அடித்து லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வாங்கினார்களே. அது ட்ராக்பா, லாம்பார்ட், மலூடா என்று முட்டி மோதுகிற அணி. உங்கள் சூத்திரத்தில் ஓட்டை. (அடுத்த வருடம் இரண்டாம் இடம் வந்ததற்கே, எவர்டன் மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு வேலையை விட்டுத் தூக்கினார்கள். பணக்கார க்ளப்களில் சொகுசாக இருந்தார் என்பவர்களுக்காக இது.)

#22 ஞாயிறு_ஆட்டக்காரி

பிரேசிலுக்கு வருவோம், இழை தொடங்கியதே அதிலிருந்துதான். 2025 ஜூனில் ஈக்வடாரோடு 0-0. 10ஆம் தேதி பராகுவேயை 1-0 ஜெயித்து 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி. அன்றைக்கு அவருக்கு 66ஆவது பிறந்தநாள், கோல் அடித்தவர் வினிசியஸ். கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்கிறபடி லீக் இவருக்கு வராது, கோப்பைதான் வரும் என்றால் உலகக்கோப்பை இவருக்கென்றே செய்த வேலை இல்லையா?

#23 கணக்குப்பிள்ளை

அதில் நான் அவர் பக்கம்தான். ஒரு மாதம், நாக்-அவுட், பெரிய பெயர்கள் நிறைந்த டிரெஸ்ஸிங் ரூம், அதைவிடப் பெரிய சத்தம் போடுகிற பத்திரிகைகள். இவரை விடப் பொருத்தமான ஆள் இப்போது யாரும் இல்லை.

#24 நடுக்களத்தான்

பார்த்தீர்களா, இப்போது நான் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. ஒரு க்ளப்பில் அவருக்கு வருடம் முழுக்க ஆட்கள் கையில் இருக்கிறார்கள். காலையில் ஒருவரோடு காபி, மதியம் இன்னொருவரிடம் குடும்ப விசாரிப்பு, அப்படித்தான் ஒரு மோட்ரிச் கோபப்படாமல் வெளியே வருகிறார். தேசிய அணியில் சில மாதங்களுக்கு ஒரு தடவை பத்து நாள் கிடைக்கும். அந்தப் பத்து நாளில் பேச்சுக்கு நேரம் இல்லை, அமைப்பைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் இருக்கும். சாக்கியிடம் 1994இல் பார்த்த வேலைதான் இது. வினிசியஸ், ரஃபின்யா, ரோட்ரிகோ மூவரும் ஒரே இடது ஓரத்தைத் தங்கள் இடமாக நினைப்பவர்கள். காசெமிரோவை மறுபடி கூப்பிட்டிருப்பது நல்ல அறிகுறி, ஓடாதவர்களுக்காக ஓட ஓர் ஆள். மூன்று பேரில் யாரிடம் முடியாது என்று சொல்லப் போகிறார் என்பதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன். ரஃபின்யாவாகத்தான் இருக்கக்கூடாது.

#25 வெண்சட்டை

ரஃபின்யாவாகவே இருக்கட்டும் :)